இரண்டாம் வரிசை, ஆறாவது இடம்

தொலைபேசி அடித்தபோது ரிம்மா சூப்புக்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழைத்தவர் க்ளாவ்தியா ஆர்கதியெவ்னா. வோல்காக் கரையில் இருக்கும் அந்த நகரத்து நாடகசாலையில் பாலே ஆடுகிறவர்களுக்கெல்லாம் ஒத்திகை எடுப்பவர். வயது எழுபத்தொன்று. அவர் இருமினால் இயக்குநரே எழுந்து நிற்பார்.

"கதாநாயகிக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலா ஆடுறவ பனிப்புயல்ல மாட்டிக்கிட்டு மாஸ்கோ விமான நிலையத்துல உக்காந்திருக்கா. சாயங்காலம் நீதான் ஆடுற."

"நானா? நான் ரெண்டாவது வரிசைங்க."

"எனக்கே சொல்லித் தரியா? நாலு மணிக்கு வந்து சேரு. வயிறு முட்டத் தின்னுட்டு வராத."

ரிம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்தாள். பிறகு மறுபடி வைத்தாள். அன்றைக்கு அந்த முட்டைக்கோஸ் அடுப்பைப் பார்க்கவே இல்லை.

பத்து வயதில் கால் நீளத்தை அளந்து பார்த்து நடனப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். பதினெட்டில் மேடைக்கு வந்து கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவள், முப்பத்தெட்டிலும் அங்கேயேதான் நின்றாள். கிராமத்துப் பெண், பனித்துளி, அன்னம், ஆவி என்று எல்லாமாகவும் இருந்தாயிற்று. மேடையில் நடந்த கல்யாணங்களில் ஒன்றைக்கூட விட்டதில்லை, ஆனால் எதிலும் அவள் மணப்பெண் இல்லை. கதாநாயகிகள் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லும் ஒத்திகைகளில், அவர்கள் இடத்தில் நின்று காட்டுவது ரிம்மாதான். அப்படியே எல்லார் ஆட்டமும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மேடையில் இருபது வருடம் ஆனால் ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு அது வரும் ஜூன் மாதம்.

அதற்குள் ஒரே ஒரு முறை எல்லாருக்கும் முன்னால் தனியாக நின்றுவிட வேண்டும். டிராலிபஸ் ஓட்டும் கணவன் ரஷீதிடம்கூட இந்த ஆசையை அவள் சொன்னதில்லை. அவன் சிரிப்பான் என்பதற்காக இல்லை, சொல்லும்போது தனக்கு அழுகை வந்துவிடும் என்பதற்காக.

கூட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு ஒரே சட்டம்தான், வரிசை. தலையைத் திருப்பக் கூடாது, கடைக்கண்ணால் பக்கத்துத் தோளைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். உன் கால் உடையலாம், வரிசை உடையக் கூடாது என்பது க்ளாவ்தியா ஆர்கதியெவ்னாவின் வேதவாக்கு. இருபது வருடமாக ரிம்மா இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஆறாவது.

நான்கு மணிக்கு வந்தவள் புதுக் காலணியைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கி விறைப்பைப் போக்கினாள். நாடா அவிழாமல் இருக்க முனையைத் தைத்துக்கொண்டாள். அவசரத்தில் ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. ஐந்தாவது இடத்தில் நிற்கும் நெல்லி, அவளைவிட எட்டு வயது சின்னவள், உடை மாற்றும் அறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"மகாராணி, நாங்கல்லாம் உங்களத் தொடலாமா?"

"போடி, பயமா இருக்கு."

"பயப்படு. நாளைக்கு நீ மறுபடியும் எங்க பக்கத்துலதான் நிக்கப் போற."

திரை ஏறும் முன் க்ளாவ்தியா ஆர்கதியெவ்னா வந்து நின்றார். "ஒரு இறகுகூடக் கெடைக்காம வா" என்றார். அங்கே ஒருவரை வாழ்த்துவது அப்படித்தான், தலைகீழாக. அதற்கு 'சைத்தான்கிட்டப் போ' என்று திருப்பித் திட்ட வேண்டும், நன்றி சொன்னால் விளங்காது. ஆனால் இவரைப் பார்த்து அதை எந்த வாயால் சொல்வது?

"சொல்லித் தொலைடி. இசை ஆரம்பிக்கப் போகுது."

"சைத்தான்கிட்டப் போங்க."

"அப்படி வா வழிக்கு" என்றார் கிழவி.

அன்றைக்கு ஆடிய பாலேயின் கதை பழைய கதைதான். உப்புக் காய்ச்சுபவரின் மகளுக்கு ஒரு கட்டுமரக்காரன்மேல் காதல். அப்பன் வேறொருவனுக்கு நிச்சயம் செய்கிறான், பெண் ஆற்றில் குதிக்கிறாள். இரண்டாம் பகுதியில், ஆற்றில் மாண்ட பெண்களெல்லாம் வெள்ளை உடையில் எழுந்து வருகிறார்கள். அவர்களிலிருந்து அவள் மட்டும் நான்கு எட்டு முன்னால் வந்து நிற்பாள். காதலன் ஓடி வந்து அவளைப் பார்ப்பான்.

முதல் பகுதி முடிந்தபோது ரிம்மாவுக்கே நம்ப முடியவில்லை. கால் பறந்தது. முப்பத்தெட்டு வயது முழங்கால் ஒரு முறைகூட முனகவில்லை. அவள் ஆற்றில் குதித்தபோது அரங்கின் மூன்றாம் மாடத்தில் யாரோ ஐயோ என்றார்கள். இடைவேளையில் அவள் உட்காரவே இல்லை.

வினை இரண்டாம் பகுதியில் காத்திருந்தது. வரிசையில் அவள் இல்லாததால் இடைவெளி தெரியாமல் நெருங்கி நிற்கச் சொல்லி மற்றப் பெண்களுக்கு உத்தரவு. மெல்லிய வயலின் இசை தொடங்கியது. நானூறு முறை கேட்ட இசை. வெள்ளைப் பெண்கள் இருளிலிருந்து வந்தார்கள், நடுவில் ரிம்மா. மூளை முன்னால் போ என்றது. கால் அதைக் கேட்கவில்லை. கடைக்கண்ணில் ஒரு தோள் பட்டது, கால் அந்தத் தோளோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்களும் பழக்க தோஷத்தில் ஆறாவது இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். எல்லாரும் ஒரு காலைப் பின்னால் நீட்டி, தலை குனிந்து சிலையானார்கள்.

நெல்லி உதடு அசையாமல் கேட்டாள்: "இங்க என்னடி பண்ற?"

அப்போதுதான் ரிம்மாவுக்கு உறைத்தது. முன்னால், வெறும் தரையில் வட்டமாக விளக்கு விழுந்திருந்தது. அது அவள் இடம், இருபது வருடம் ஏங்கிய இடம். இப்போதாவது ஓடலாம். ஆனால் அசையாமல் நிற்கும் வரிசையை உடைத்துக்கொண்டு ஓட அந்தக் காலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காதலனாக ஆடும் க்ளெப் ஓடி வந்தான். இருபத்து மூன்று வயது. கையில் பூ. விளக்கு வட்டத்தில் ஆள் இல்லை. திகைத்து நின்றான். பிறகு திரும்பி முதல் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தான். எல்லாம் ஒரே கொண்டை, ஒரே மாவு பூசிய முகம். ஒருத்தியிடம் நின்றான், இல்லை என்று நகர்ந்தான். அவன் முகத்தில் இருந்த கலவரம் நடிப்பில் வராது. வாத்தியக்காரர்கள் அவனுக்காக இசையை இழுத்து வாசித்தார்கள். அரங்கில் ஒரு செருமல் இல்லை. இவன் கண்டுபிடிப்பானா, இல்லை அவளைத் தாண்டிப் போய்விடுவானா என்று ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் வரிசைக்கு வந்தான். மூன்று, நான்கு, நெல்லி.

ரிம்மா தலையைத் தூக்கினாள். வரிசையில் நிற்பவள் செய்யவே கூடாத காரியம் அது. க்ளெப் அவளைப் பார்த்தான், அவன் கண் நிறைந்துவிட்டது.

"உயிரே போயிருச்சு, ரிம்மா அக்கா" என்று மூச்சுக்குள் சொல்லிக் கையை நீட்டினான்.

"போ" என்றாள் நெல்லி.

ரிம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள். அந்த ஒரு எட்டுக்கே அரங்கம் கைதட்டியது. அதற்குப் பிறகு அவள் ஆடியதை என்ன சொல்ல! இருபது வருடம் பின்னால் நின்று பார்த்ததையெல்லாம் அவள் உடம்பு ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. விடிந்து, அவள் ஆற்றுக்குத் திரும்பி, காதலன் கரையில் விழுந்தபோது, அடுக்கடுக்கான மாடங்களில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின.

திரை இறங்கி மறுபடி ஏறியது. க்ளெப் அவளை மேடை விளிம்புக்கு அழைத்து வந்து, வணங்கி, பின்வாங்கினான். ரிம்மா தனியாக நின்றாள். ஜனம் எழுந்து நின்று தட்டியது. ஒரு முறை குனிந்தாள். இரண்டாவது முறையும் குனிந்தாள்.

மேடையோரத்து மறைவிலிருந்து க்ளாவ்தியா ஆர்கதியெவ்னா பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார். "ரிம்மா, போதும். வரிசைக்கு வா."

இருபது வருடத்தில் அந்தக் குரலுக்கு அவள் ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை.

"ரிம்மா, உன்னத்தான்."

ரிம்மாவுக்குக் காது கேட்கவில்லை. மூன்றாவது முறையாக, மெதுவாகக் குனிந்தாள்.