மேற்கே பார்த்த டிஷ்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் காரிமங்கலத்தில் பாதி வீடுகளுக்கு டிஷ் மாட்டியது இந்தக் கைதான். அதே ஊரில் தையற்கடை ரஹீம் பாய், ஒரு பழைய டிஷ்ஷையும் மலிவான சின்னக் கருவியையும் லேப்டாப்பில் இணைத்து, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதைக் கேட்கிறாராம். பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடமே வந்து அதைச் சொன்னார்கள். வயிறு எரிந்தது.

குறை கண்டுபிடிக்கவே அவர் மாடிக்குப் போனேன். டிஷ் மேற்கே தாழ்ந்து கிடந்தது.

“என்ன பாய், டிஷ்ஷு தூங்குது?” என்றபடி, ஊர் டிஷ்கள் எல்லாம் பார்க்கும் பக்கம் திருப்பிவிட்டேன். லேப்டாப்பில் பேசிக்கொண்டிருந்த குரல் அறுந்தது.

“ஐயோ அண்ணா, இது டிவி சேட்டிலைட் இல்லீங்க. மேக்கால இருக்கறதுங்க. இதப் புடிக்க நான் படாதபாடு பட்டேன்.”

டிஷ்ஷிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவரோ சிரித்துவிட்டார். “செரி, நீங்களே புடிங்க. நான் சத்தம் பாத்துச் சொல்றேன்.”

மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். இரைச்சலுக்குள்ளிருந்து குரல் மேலே வந்தது.

மறுநாள் பார்க்க வந்தவர்களிடம் பாய் சொன்னார்: “அண்ணன் வெச்சுக் குடுத்ததுங்க. நான் வெச்சதவிடத் தெளிவாக் கேக்குது.”

கலைத்தவனும் நான்தான் என்பதை அவர் சொல்லவே இல்லை.

அந்தக் கருவியை நானும் வாங்கிவிட்டேன், நன்றாகவே கேட்கிறது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பாய் மேல் இன்றுவரை எனக்கு இருக்கும் பொறாமை அதில்தான்.