பின் சீட்டுக்குக் கேட்காது என்று நினைத்தேன்

என் சின்ன வேனின் தரைக்கும் கதவுகளுக்கும் நேற்றுத்தான் இரைச்சலை அடக்கும் ஷீட் ஒட்டினேன். டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்தேன்.

இன்று காலை கரியாலூர் மலையிலிருந்து இறங்கும்போது குலுக்கலும் இல்லை, சத்தமும் இல்லை. எனக்கு ஒரே பெருமை.

வழியில் பஸ்ஸுக்கு நின்ற ஓர் அக்காவை ஏற்றிக்கொண்டேன். கையில் மரவள்ளிக்கிழங்குப் பை. பின் சீட்டில் உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்த நண்பனிடம் வழக்கம்போல் சொன்னேன்: "பாவம்னு ஏத்திக்கினு வந்தா, வண்டியெல்லாம் மண்ணாக்கிட்டுப் போயிடுவாங்கடா."

முன்னால் பேசுவது வண்டி இரைச்சலில் பின்னால் கேட்காது என்பது என் பல வருட நம்பிக்கை. ஷீட் ஒட்டியதை வாய் மறந்துவிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். பையை மடியில் தூக்கி வைத்திருந்தார். கால்களையும் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். கள்ளக்குறிச்சி வரைக்கும் அப்படியே.

அவர் இறங்கும்போது, "வண்டியில இப்ப சத்தமே இல்ல, இல்லீங்கக்கா?" என்று அசடு வழிந்தேன்.

"முன்னயும் ஒரு தபா உங்க வண்டியில வந்திருக்கேங்க. அப்பவும் கேட்டுச்சு. இன்னிக்கு ரொம்பத் தெளிவா கேட்டுச்சு" என்றார்.

என் வேனில் இதுவரை ஏறியவர்கள் இதைப் படித்தால், காதில் விழுந்ததைக் கீழே எழுதுங்கள். ஷீட் எந்தக் கடையில் வாங்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.