அடுப்பு உள்ள புத்தகம்

தாம்பரத்துப் பழைய புத்தகக் கடையில் தொல்லியல் புத்தகம் ஒன்றைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. எண்பதுகளில் சிறுவனாக அம்மாவோடு போன சேலையூர் லெண்டிங் லைப்ரரியிலும் இதே வாசனைதான். ஒரு முறைக்கு ஒரு புத்தகம்தான் தருவார்கள். ஒருநாள், தங்க முகமூடி ராஜா அட்டையில் இருந்த புத்தகத்தை நீட்டினேன். அம்மா புரட்டினாள்.

"சண்டையெல்லாம் கீது. ஜனங்க இன்னா துன்னாங்கன்னு எங்க கீது?"

அட்டை கிழிந்த இன்னொன்றை எடுத்தாள். அதில் மண்ணைத் தோண்டிக் கண்டெடுத்த அடுப்பின் படம்; பக்கத்தில் கருகிய அரிசி.

"எவளோ தீய வுட்டுக்கீறா, என்னாட்டமே!" என்று சிரித்தாள்.

பழங்காலத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்று அன்றுதான் நம்பினேன். அன்றிலிருந்து புத்தகங்களை அம்மாவின் கண்ணால்தான் தேர்ந்தெடுக்கிறேன், ஒருமுறையும் ஏமாந்ததில்லை.

"இன்னா சார் தேடுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"அடுப்பு."

"சமையல் புக்கு அந்தாண்ட கீது சார்."