தேயிலைக் கட்டையில் ஒரு கைப்பிடி

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் முதலில் என் கால்விரல்களை மரத்துப்போகச் செய்தது. செருப்பு கழன்றது தெரியாமல் கலஹாவிலிருந்து பேராதனை வரை ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் போயிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அது கைக்கு வந்தது.

கண்டிக்குப் போகும் வீதியில், வெளிநாட்டுக்காரர்களுக்கு மரச்சிற்பம் விற்கிற கடையொன்றில் யானை செதுக்குவது என் வேலை. ஒரே வாரத்தில் இரண்டு தடவை கத்தி நழுவி விழுந்தது. இரண்டாவது தடவை ஒரு வெள்ளைக்காரரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் குத்திட்டு நின்றது. வித்தை என்று நினைத்து அவர் கைதட்டினார். முதலாளி தட்டவில்லை. திங்கட்கிழமை தன் கண் முன்னால் ஒரு யானையை முடித்துக் காட்டவேண்டும், முடியாவிட்டால் மெழுகு தேய்க்கிற மூலைக்குப் போய்விடவேண்டும் என்றார். செதுக்குகிறவனுக்குக் கடைவாசல். மெழுகு தேய்க்கிறவனுக்குக் கக்கூஸ் பக்கம். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

குறை கைப்பிடியில்தான் என்று தீர்மானித்தேன். கையில் என்று தீர்மானித்தால் வேறு கைக்கு எங்கே போவது?

ஞாயிறு காலை கோதுமை மா உருண்டை ஒன்றை, கத்தி பிடிக்கிற மாதிரி இறுகப் பிடித்தேன். ஐந்து விரலின் அச்சும் அழகாக விழுந்தது. அதைப் பலகையில் வைத்துவிட்டு மரம் எடுக்கப் போனேன். தோட்டத்தில் பிடுங்கிய பழைய தேயிலைச் செடிகளின் கட்டை எங்கள் விறகுக் குவியலில் கிடந்தது. இரும்பு மாதிரி இருக்கும். நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினால் அச்சைக் காணோம். மனைவி அதை ரொட்டியாகத் தட்டிச் சுட்டுவிட்டாள்.

"பலகையில மா இருந்தா ரொட்டிதான் சுடுவாங்க. கைய வச்சு அமுக்கினா சிலையாயிருமா?" என்றாள்.

என் கையைச் சம்பலோடு தின்றுவிட்டு இரண்டாவது உருண்டையைப் பிடித்தேன். அதைப் பார்த்துப் பார்த்து மதியம் வரை கட்டையைச் செதுக்கினேன், இடது கையால், கோணல்மாணலாக. நடுவில் சின்னத் துளை போட்டேன். கத்தியின் பழைய பிடியைக் கழற்றி, அலகில் ஈரத்துணி சுற்றி, பிடிக்குள் போகிற வால் பக்கத்தை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் துளைக்குள் இறக்கினேன். வால் தானே எரித்து இடம் பிடித்துக்கொள்ளும், பிறகு அசையாது. புகை வந்தது. இறைச்சி கருகுகிற வாசமும் வந்தது. தேயிலைக் கட்டைக்கு இப்படியும் ஒரு வாசமா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, வெரலு" என்றாள் மனைவி.

என் பெருவிரல் வால் மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். யாருடைய விரலோ மாதிரி இருந்தது. அவள்தான் அழுதாள். நான் மருந்து தடவக் கையை நீட்டிக்கொண்டு, கைப்பிடி நேராக இறங்கியிருக்கிறதா என்று கவனித்தேன். நேராகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை முதலாளி கதிரையைப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். விரல்கள் தங்கள் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொண்டன. கத்தி விழவேயில்லை. ஆனால் அது கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தானே எனக்குத் தெரியும்? கையையே பார்த்துக்கொண்டு செதுக்கினேன். யானையைப் பார்க்க நேரமில்லை.

முடித்ததும் முதலாளி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்துக் காது எங்க ஈக்கி?"

கீழே பார்த்தேன். சீவல்களோடு கிடந்தது.

"கத்தி விழல முதலாளி" என்றேன்.

"விழல்லதான்" என்றார். "நல்ல புடி போட்டீக்கிறீங்க."

கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் எழுந்து பின்பக்கம் போனேன். மெழுகு டப்பாவைத் திறந்து, துணியைச் சுருட்டி, பக்கத்திலிருந்த யானையைத் தேய்க்கத் தொடங்கினேன். கக்கூஸுக்கு வரிசையில் நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டாள். யானையை அவள் பக்கம் திருப்பிவைத்துச் சிரித்தேன்.