அம்மா நம்பிய சிவப்பு

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, புதிதாக வாங்கிய சிவப்பு பிளஷை முதலில் என் கன்னத்தில்தான் பூசிப் பார்த்தேன். எனக்கு எடுபடவில்லை. பக்கத்தில் தங்கை நின்றாள். மூன்று நாள் காய்ச்சல் அன்று விடியற்காலையில்தான் விட்டிருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது.

"எனக்கும் போட்டு விடுக்கா. இந்த மூஞ்சியப் பாத்தா அம்மா ரிவர்ஸ்டன் மலை டிரிப்புக்கு விட மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் இழுத்துட்டுப் போவாங்க."

சிரித்துக்கொண்டே பூசினேன். கன்ன மேட்டில் மினுமினுப்புக்குக் கொஞ்சம் ஹைலைட்டரும் வைத்தேன். கொழுந்து பறிக்க அவசரமாகக் கிளம்பிய அம்மா, அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இப்பத்தான் மூஞ்சி தெளிஞ்சிருக்கு. போயிட்டு வா."

ரிவர்ஸ்டனில் மயங்கி விழுந்தவளைக் கூடப் போனவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு என்றார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, நர்ஸ் ஈரப் பஞ்சால் அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சு சிவந்தது. அடியில் இருந்த முகத்தில் நிறமே இல்லை. மறுநாள் தங்கை இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா இன்றும் சொல்கிறார்: "போறப்ப கன்னமெல்லாம் எப்படிச் செவந்திருந்துச்சு தெரியுமா? நல்லாத்தான் போனா."

அம்மாவுக்கு மிஞ்சியிருக்கும் ஆறுதல் அந்தச் சிவப்பு ஒன்றுதான். அது என் டப்பியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வேன்?