இரண்டு சென்டிமீட்டர்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸுக்கு ‘டேப்பு அக்கா’ என்று பெயர். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் குழந்தையின் வயிற்றைச் சுற்றி நாடாவால் அளந்து எழுதாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. “தையல் கடைக்குப் போகவேண்டியவங்க, வழி தவறி இங்க வந்துட்டாங்க” என்று டாக்டர்களே கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே அளப்பாள்.

அன்று காலை அவள் அளந்தது, பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்த ஒரு பெண் குழந்தையை. பதினைந்து நாளாகியும் ஒரு கிலோ தேறவில்லை. வயிறு இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. தோல் இறுகி மினுங்கியது. வயிற்றுக்குள் போகும் பால்குழாயில் சிரிஞ்சை மாட்டி மெல்ல இழுத்தாள். பச்சையாகப் பித்தநீர் வந்தது.

பயிற்சி டாக்டர் எட்டிப் பார்த்தார். “காத்தா இருக்கும் சிஸ்டர். பாலைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க. நிறுத்த வேண்டாம், எடையே ஏற மாட்டேங்குது.”

“ஒரு சொட்டுகூட வேண்டாம் டாக்டர். குடல் அழுகுற நோயா இருந்தா பாலே விஷமாயிடும். பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க.”

“ஒண்ணுமில்லேன்னா உங்களைத்தான் திட்டுவார்.”

“இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுக்கறேன்.”

எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் காற்று மணிமணியாகத் தெரிந்தது; அவள் பயந்த நோயேதான். பெரிய டாக்டர் திட்டவில்லை. “சர்ஜனைத் தயாரா இருக்கச் சொல்லுங்க. குடல் ஓட்டையானா உடனே வயித்தைத் திறக்கணும்” என்றார். பாலை நிறுத்தி, மருந்தையும் சத்து திரவத்தையும் நரம்பு வழியாக ஏற்றினார்கள்.

தாய் பஸ் கண்டக்டர். சின்னப் புட்டியில் பாலோடு வந்து நின்றாள்.

“என் பால்தான் ஒத்துக்கலையா அக்கா?”

“உன் பால்ல குத்தமில்லம்மா. குடல் இன்னும் பிஞ்சு. அதுக்கு ஓய்வு வேணும். நீ எடுத்துக் கொடுக்கிறதை மட்டும் நிறுத்திடாதே. உறைய வெச்சு எடுத்து வைக்கிறேன்.”

“பொழைச்சுடுமா?”

நர்ஸ் பொய் சொல்ல நா எழாமல், “இன்னிக்கு ஓட்டை விழல” என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் அதே கேள்வி, அதே பதில். ஆறு மணி நேரத்துக்கொரு எக்ஸ்ரே. பணி முடிந்தும் அடுத்த படத்தைப் பார்க்காமல் அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மூன்றாம் நாள் வயிற்றின் இறுக்கம் தளர்ந்தது.

பாலை நிறுத்திய பதினோராம் நாள் ஒரு மில்லி பால். சிரிஞ்சைத் தாயே பிடித்தாள். மூன்று மணி நேரம் கழித்து நர்ஸ் இழுத்துப் பார்த்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

“எல்லாம் செரிச்சிடுச்சு” என்றாள்.

தாய் அழவில்லை. “அப்போ அடுத்தது கொடுக்கலாமா?” என்று புட்டியைத் திறந்தாள்.

இரண்டு மாதத்தில் அந்தக் குழந்தை இரண்டு கிலோவாகி வீட்டுக்குப் போனது.