ஆர்ச்வே பயணம்: ஒரு ஜெர்மன் பள்ளி வரலாற்றின் ஒற்றை வரி

2006 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை, தெற்கு லண்டனில் நான் இருக்கும் மிச்சமிலிருந்து வடக்கே ஆர்ச்வேக்குப் போய்வந்தேன். ஜெர்மனியில் நான் ஆறு வருடம் படித்த பள்ளிக்கூடம் மிகப் பழையது. அகதிப் பிள்ளையாகப் போன எனக்கு மொழியும் படிப்பும் தந்த இடம். ஆண்டு விழாவுக்காக அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். பழைய மாணவர் ஒருவர், எண்பத்தாறு வயது யூதர், லண்டனில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவரிடம் மாதிரிப் படியைக் காட்டி நாலு வரி வாழ்த்து வாங்கி அனுப்பு என்று என் பழைய ஆசிரியர் கேட்டிருந்தார்.

காலை 9.40க்கு 118ஆம் பஸ்ஸில் மோர்டன். அங்கே ஹை பார்னெட் ரயிலில் ஏறினால் மாறத் தேவையில்லை, ஐம்பது நிமிடம். நாள் டிக்கெட் 5.40 பவுன். ஆர்ச்வே ஸ்டேஷனிலிருந்து இல்லத்துக்கு ஏற்றத்தில் பத்து நிமிட நடை. (மூட்டு வலிக்காரர் பஸ் எடுங்கள்.)

கதவைத் திறந்தவர் அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா.

"வாங்கோ தம்பி. நீங்கள் வாறீங்கள் எண்டு விடியவே எழும்பி ஷேவ் எடுத்திட்டார்."

முதியவர் என் கையைப் பிடித்து ஜெர்மனில் நலம் கேட்டார். பிறகு பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கத் தொடங்கினார். 1930களைப் பற்றிய பக்கத்தில் ஒரு வரியில் கண்ணாடி நின்றுவிட்டது: "அந்த ஆண்டுகளில் யூத மாணவர்கள் சிலர் பள்ளியிலிருந்து விலகினர்."

"நாங்கள் விலகவில்லை," என்றார். "தலைமை ஆசிரியர் பெயர் வாசித்தார். ஏழு பேர். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனோம். கடைசிப் பெயர் என் தம்பியுடையது. பதினொரு வயது."

ஏழு பேரில் போருக்குப் பிறகு மிஞ்சியவர் இவர் மட்டும். பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன்.

"வாழ்த்து கிடையாது. இதைப் போடச் சொல்."

வாசலுக்கு வந்து ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். அவர் கேட்டதைச் சொன்னேன்.

"புத்தகம் வியாழக்கிழமையே அச்சுக்குப் போய்விட்டது. வாழ்த்தைத் தனித் தாளாகச் செருகத்தான் இருந்தோம்."

"அந்தத் தாளில் இந்தப் பெயர்களைப் போடுங்கள்."

"விழா மலர் அல்லவா? குழு ஒத்துக்கொள்ளாது."

திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி," என்று மட்டும் சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கோட்டை மாட்டும்போது அக்கா வந்தார்.

"என்ன தம்பி சொன்னனீங்கள்? மனுசன் சாப்பாடும் வேண்டாமெண்டிட்டார்."

கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்படி யாரையாவது பார்க்கப் போகிறவர்களுக்கு: இல்லங்களுக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள், காலையில் போங்கள். யாருடைய புத்தகத்தையாவது கொண்டுபோவதானால், முதலில் நீங்களே முழுவதும் வாசியுங்கள். நான் அந்த வரியை ரயிலில் வாசித்தேன். தவறாக எதுவும் தோன்றவில்லை. புத்தகம் நவம்பரில் தபாலில் வந்தது. வரி அப்படியே இருக்கிறது; செருகிய தாள் எதுவும் இல்லை. நன்றியுரையில் என் பெயர், எழுத்துப் பிழையில்லாமல்.